செஸ்ஸில் இத்தாலியன் ஓப்பனிங் (தொடக்க நகர்வு முறை): போட்டி ஆட்டத்துக்குத் தயாராகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் நகர்வுகளை எப்படிப் படிப்பது?

வெள்ளைக் காய்களை ஆடுபவரின் இடக்கையிலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று நெடுவரிசைகள். அவர் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை குறுக்குவரிசைகள். கட்டத்தின் பெயர் மட்டும் இருந்தால் அது சிப்பாய் நகர்வு. ஒவ்வோர் எண்ணிலும் முதலில் வெள்ளை, கோட்டுக்குப் பின் கறுப்பு. எண்ணுக்குப் பின் மூன்று புள்ளிகள் இருந்தால் அது கறுப்பின் நகர்வு. ஆச்சரியக்குறி நல்ல நகர்வைக் காட்டும். கேஸ்லிங் என்றால் ராஜாவை யானைப் பக்கம் இரண்டு கட்டம் நகர்த்தி, யானையை அதன் மறுபுறம் வைப்பது. பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். வெறும் கண்ணால் படித்தால் பாதி நழுவிவிடும்.

இத்தாலியன் என்பது எந்த நகர்வுகள்?

1. இ4 – இ5
2. குதிரை எஃப்3 – குதிரை சி6
3. பிஷப் சி4

மூன்றாவது நகர்வில் வெள்ளை பிஷப் சி4-ல் உட்கார்ந்ததுமே இது இத்தாலியன். அந்த பிஷப் பார்ப்பது எஃப்7 கட்டத்தை. ஆட்டத் தொடக்கத்தில் அந்தச் சிப்பாய்க்கு ராஜா ஒருவர்தான் காவல். கறுப்பு 3...பிஷப் சி5 என்று ஆடினால் அது ஜியோகோ பியானோ, 3...குதிரை எஃப்6 என்றால் இரு குதிரைத் தற்காப்பு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதல் பத்து நகர்வுகளில் எங்கே ஆபத்து இருக்கிறது என்பதை முடிவு செய்வதே இந்த வித்தியாசம்தான்.

பழைய ஓப்பனிங் அல்லவா? இன்றைய போட்டிகளில் எடுபடுமா?

பழையதுதான். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய ஆட்டக்காரர் ஜியோவாச்சினோ கிரேக்கோ எழுதிவைத்த ஆட்டங்களிலேயே இது இருக்கிறது. ஆனால் 2000-ல் லண்டனில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் கிராம்னிக், காஸ்பரோவின் ரூய் லோபஸ் ஓப்பனிங்குக்கு (3. பிஷப் பி5) எதிராக, கறுப்பாக ஆடும்போது பெர்லின் தற்காப்பை (3...குதிரை எஃப்6) வைத்தே நின்று சாதித்தார். அதற்குப் பிறகு பெர்லின் சுவரில் முட்டிக்கொள்ள விரும்பாத, வெள்ளையை ஆடுபவர்கள் மெல்ல மெல்ல இத்தாலியன் பக்கம் திரும்பினார்கள். 2016 உலக சாம்பியன் போட்டியின் ஐந்தாவது ஆட்டத்தில் கார்ல்சன் கர்யாகினுக்கு எதிராக ஆடியதும் இதைத்தான். மாறியது ஒன்றுதான்: முன்பு டி4 என்று உடனே மோதினார்கள், இப்போது டி3 என்று நிதானமாகக் காய்களை அடுக்கிவிட்டுப் பிறகு மோதுகிறார்கள்.

நிதானமான இத்தாலியனில் வெள்ளையின் காய்கள் எங்கே போக வேண்டும்?

3...பிஷப் சி5-க்குப் பிறகு பெரும்பாலும் இப்படி வரும்:

4. சி3 – குதிரை எஃப்6
5. டி3 – டி6
6. கேஸ்லிங் – ஏ6
7. ஏ4 – பிஷப் ஏ7
8. யானை இ1 – கேஸ்லிங்
9. எச்3

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் வரிசை மாறினாலும் தடுமாற மாட்டீர்கள்.

சி3 என்பது பின்னாளில் டி4 தள்ளுவதற்கான முட்டு. ஏ4 ஆடுவதில் இரண்டு பயன்: கறுப்பு பி5 என்று பிஷப்பை விரட்டுவது கடினமாகிறது, கறுப்புக் குதிரை ஏ5-க்கு வந்து பிஷப்பைத் தாக்கினால் அது ஏ2-க்கு ஒதுங்கிக்கொள்ளலாம். கறுப்பும் இதே காரணத்துக்காகத்தான் ஏ6 ஆடி பிஷப்பை ஏ7-ல் பத்திரப்படுத்துகிறது. சி5-லேயே நின்றால் பி4 அல்லது டி4 அதை இடித்துக்கொண்டே வெள்ளைக்கு ஒரு நகர்வு சம்பாதித்துத் தரும்.

அடுத்து பி1 குதிரையின் பயணம். டி2, அங்கிருந்து எஃப்1, அங்கிருந்து ஜி3. எஃப்1 காலியாக இருந்தால்தான் இந்தப் பாதை திறக்கும். அதனால்தான் யானை முதலில் இ1-க்குப் போகிறது. குதிரை டி2-ல் நிற்கும்வரை சி1 பிஷப் அடைபட்டுக் கிடக்கும். பயப்பட வேண்டாம், குதிரை எஃப்1-க்கு நகர்ந்ததும் பிஷப்புக்கு வழி பிறந்துவிடும். ஜி3-ல் வந்த குதிரை எஃப்5-ஐப் பார்க்கும். நிதானமான இத்தாலியனில் வெள்ளையின் தாக்குதல் பெரும்பாலும் அந்தக் கட்டத்திலிருந்துதான் கிளம்புகிறது.

யானையை இ1-ல் வைத்ததும் கறுப்பு குதிரை ஜி4 என்று வந்துவிட்டது. என்ன செய்வது?

யானை எஃப்1-ஐ விட்டு நகர்ந்ததும் எஃப்2-க்கு ராஜா மட்டும்தான் காவல். கறுப்பின் சி5 பிஷப்பும் ஜி4 குதிரையும் சேர்ந்து அதைத்தான் குறிவைக்கின்றன. யானை இ2 என்று ஒரு கட்டம் மேலே ஏறிக் காத்துக்கொள்ளுங்கள். பிறகு எச்3 என்று குதிரையைத் துரத்துங்கள். தோற்கும் நிலை ஒன்றுமில்லை. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் எச்3-ஐ முதலில் ஆடிவிட்டு யானையை நகர்த்தலாம். எச்3-க்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: கறுப்பின் பிஷப் ஜி4-க்கு வந்து உங்கள் எஃப்3 குதிரையை ராணியோடு சேர்த்துக் கட்டிப்போடுவதைத் தடுக்கிறது.

பிஷப் ஜி5 என்று கறுப்பின் குதிரையைக் கட்டிப்போடலாமா?

கறுப்பு கேஸ்லிங் செய்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். செய்யவில்லை என்றால் வேண்டாம். எச்6, பிஷப் எச்4, ஜி5 என்று பிஷப்பை விரட்டிக்கொண்டே கறுப்புச் சிப்பாய்கள் உங்கள் ராஜாவை நோக்கி ஓடிவரும். கறுப்பு ராஜா இன்னும் நடுவில் இருப்பதால் அந்தப் பக்கம் திறந்துபோவது அதற்கு உறுத்தாது. கறுப்பு ராஜா ஜி8-க்குப் போய்விட்டால் கதையே வேறு. அப்போது ஜி5 தள்ளினால் குதிரையால் வெட்டி, எச்6 சிப்பாய் திருப்பி வெட்ட, பிஷப்பால் மறுபடி வெட்டி ராஜாவின் கூரையைப் பிரித்துவிடும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கும். கறுப்பு ஆடும்போதும் பிஷப் ஜி4 பற்றி இதே கணக்குதான்.

5. டி4 என்று உடனே மோதினால் என்ன ஆகும்?

4. சி3 – குதிரை எஃப்6
5. டி4 – சிப்பாய் டி4-ஐ வெட்டுகிறது
6. சி3 சிப்பாய் டி4-ஐ வெட்டுகிறது – பிஷப் பி4 செக்

இந்தச் செக்கை மறந்து 6...பிஷப் பி6 என்று ஒதுங்குவதுதான் கறுப்பு செய்யும் பெரிய தவறு. டி5, அடுத்து இ5 என்று இரண்டு சிப்பாய்களும் உருண்டு வந்து இரு குதிரைகளையும் துரத்தியடிக்கும். செக் வைத்தபின்:

7. பிஷப் டி2 – பிஷப் டி2-ஐ வெட்டி செக்
8. பி1 குதிரை டி2-ஐ வெட்டுகிறது – டி5!

இந்த டி5-ஐக் கறுப்பு ஆடத் தவறவே கூடாது. தவறினால் வெள்ளையின் நடுச்சிப்பாய்கள் இரண்டும் அசைக்க முடியாத சுவராகிவிடும்.

9. சிப்பாய் டி5-ஐ வெட்டுகிறது – குதிரை டி5-ஐ வெட்டுகிறது
10. ராணி பி3 – சி6 குதிரை இ7-க்கு

இரு தரப்பும் கேஸ்லிங் செய்தபின் நிலை கிட்டத்தட்டச் சமம். வெள்ளையிடம் டி4-ல் தனித்த சிப்பாய். பக்கத்தில் துணைக்குச் சிப்பாய் கிடையாது. வெள்ளை இ5-ல் குதிரையை நிறுத்தி, இ வரிசையில் யானையை வைத்துச் சுறுசுறுப்பாக ஆட வேண்டும். கறுப்பு டி5 குதிரையை ஆணி அடித்தாற்போல் அங்கேயே நிறுத்திக்கொண்டு காய்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ள வேண்டும். பலகையில் காய் குறையக் குறைய அந்தத் தனிச்சிப்பாய் பாரமாகிக்கொண்டே போகும்.

7. பிஷப் டி2-க்குப் பதில் 7. குதிரை சி3 என்று சிப்பாயை விட்டுக்கொடுக்கிறார்களே?

கிரேக்கோ காலத்திலிருந்து வருகிற பொறி. 7...குதிரை இ4-ஐ வெட்ட, 8. கேஸ்லிங். இப்போது 8...குதிரை சி3-ஐ வெட்ட, 9. பி2 சிப்பாய் திருப்பி வெட்ட, 9...பிஷப்பும் சி3-ஐ வெட்ட, 10. ராணி பி3 வருகிறது. இந்த இடத்தில் ஏ1 யானைக்கு ஆசைப்பட்டு வெட்டினால் 11. பிஷப் எஃப்7-ஐ வெட்டி செக், அடுத்து பிஷப் ஜி5, கறுப்பு தாங்காது. 10...டி5 என்று தடுத்தால் பிழைக்கலாம்.

அதைவிட நல்ல வழி 8...பிஷப்பால் சி3-ஐ வெட்டுவது. 9. டி5 – பிஷப் எஃப்6, 10. யானை இ1 – குதிரை இ7; 11. யானை இ4-ஐ வெட்ட, 11...டி6. கறுப்பு தெளிவாக நிற்கிறது. கறுப்பாக ஆடுகிறவர்கள் இந்த நான்கு நகர்வுகளை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். மேசையில் உட்கார்ந்து கண்டுபிடிக்கக் கூடிய விஷயமல்ல.

குதிரை ஜி5 என்று வந்து எஃப்7-ஐத் தாக்கினால்?

கறுப்பு எந்த வரிசையில் ஆடியது என்பதைப் பொறுத்தது.

3...பிஷப் சி5 ஆடியிருந்து, 4. குதிரை ஜி5 என்றால் யோசிக்கவே வேண்டாம்: டி8 ராணிக்கு ஜி5 வரை பாதை திறந்திருக்கிறது, குதிரையை வெட்டுங்கள். 4. டி3 – குதிரை எஃப்6; 5. குதிரை ஜி5 என்று பின்னர் வந்தால் கேஸ்லிங் செய்யுங்கள். எஃப்7-க்கு யானையும் ராஜாவும் காவல். வெள்ளை அங்கே குதிரையையும் பிஷப்பையும் கொடுத்து ஒரு யானையையும் சிப்பாயையும் எடுக்கும். புள்ளிக் கணக்கில் 6-க்கு 6 என்று தோன்றும். ஆனால் ஆட்டத் தொடக்கத்தில் இரண்டு சிறு காய்கள் சேர்ந்தால் யானையைவிட அதிகம் வேலை செய்யும். யானைக்கு இன்னும் திறந்த வரிசையே கிடைத்திருக்காது. கறுப்புக்குத்தான் லாபம்.

3...குதிரை எஃப்6 ஆடியிருந்தால் 4. குதிரை ஜி5 உண்மையான மிரட்டல். 4...டி5 என்று குறுக்கே தள்ளி, 5. சிப்பாய் டி5-ஐ வெட்ட, இங்கேதான் பலர் விழுகிறார்கள். குதிரையால் டி5-ஐத் திருப்பி வெட்டினால்:

6. குதிரை எஃப்7-ஐ வெட்டுகிறது – ராஜா குதிரையை வெட்டுகிறது
7. ராணி எஃப்3 செக் – ராஜா இ6
8. குதிரை சி3

எஃப்7 குதிரை ராணியையும் யானையையும் ஒன்றாகத் தாக்குவதால் ராஜா அதை வெட்டியே ஆக வேண்டும். அப்புறம் டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜாவே இ6-க்கு ஏற வேண்டிய கட்டாயம். ஃபிரைடு லிவர் என்று பெயர் பெற்ற தாக்குதல் இது. கறுப்பிடம் ஒரு காய் கூடுதலாக இருந்தும், ராஜா நட்டநடுவில் நிற்க, மூன்று காய்கள் அதைச் சூழ்ந்துகொண்டிருக்கும். பொறுமையாகத் தற்காத்தால் உடனே தோற்காது என்றாலும், கடிகாரம் ஓடும்போது அந்தத் தற்காப்பை நம்பி இறங்காதீர்கள்.

சரியான பதில் 5...குதிரை ஏ5:

6. பிஷப் பி5 செக் – சி6
7. சிப்பாய் சி6-ஐ வெட்டுகிறது – பி7 சிப்பாய் சி6-ஐ வெட்டுகிறது
8. பிஷப் இ2 – எச்6
9. குதிரை எஃப்3 – இ4
10. குதிரை இ5

கறுப்பு ஒரு சிப்பாயை இழந்திருக்கிறது. பதிலுக்கு வெள்ளைக் காய்கள் பின்வாங்கிக்கொண்டே இருக்க, கறுப்பின் காய்கள் சுலபமாக வெளியே வருகின்றன. முதலில் 10...பிஷப் டி6 என்று அந்தக் குதிரையைத் தாக்குங்கள். இதைச் சிப்பாயைத் தொலைத்துவிட்ட ஆட்டமாக நினைத்துச் சோர்ந்து ஆடினால் தோற்பீர்கள்.

கறுப்பு டி5 தள்ள எப்போது நேரம்?

கேஸ்லிங் முடிந்து, இ5 சிப்பாய்க்குக் காவல் உறுதியான பிறகு. அவசரப்பட்டால் நடப்பது இது: 4. சி3 – குதிரை எஃப்6, 5. டி3 – டி5, 6. சிப்பாய் டி5-ஐ வெட்ட, குதிரை திருப்பி வெட்ட, 7. ராணி பி3. ராணியும் பிஷப்பும் ஒரே சாய்வில் நின்று டி5 குதிரையைத் தாக்குகின்றன. சி6 குதிரையை இ7-க்கு இறக்கிக் காத்தால் இ5 சிப்பாய் அநாதையாகி, வெள்ளைக் குதிரை அதை வெட்டிக்கொண்டு எஃப்7-ஐயும் பார்க்கும்.

மேலே டி4 ஆட்டத்திலும் இதே ராணி பி3, இதே குதிரை இ7 வந்ததே, அங்கே மட்டும் ஏன் சரி என்று கேட்பீர்கள். அங்கே இ5-ல் கறுப்புக்குச் சிப்பாயே இல்லை. இழக்க எதுவும் கிடையாது. நகர்வை மட்டும் மனப்பாடம் செய்து, பலகையைப் பார்க்காமல் ஆடுவதன் ஆபத்து இந்த ஓர் உதாரணத்திலேயே இருக்கிறது.

3...குதிரை டி4 என்று கறுப்பு ஆடுகிறது. இ5 சிப்பாயை வெட்டலாமா?

வெட்டாதீர்கள். 4. குதிரை இ5-ஐ வெட்டினால் ராணி ஜி5; 5. குதிரை எஃப்7-ஐ வெட்ட, ராணி ஜி2-ஐ வெட்டும், 6. யானை எஃப்1 – ராணி இ4-ஐ வெட்டி செக், 7. பிஷப் இ2 – குதிரை எஃப்3 செக்மேட். இ2 பிஷப் ராஜாவுக்கு முன்னால் கட்டுண்டு நிற்பதால் அந்தக் குதிரையை வெட்ட முடியாது. 4. குதிரை டி4-ஐ வெட்ட, சிப்பாய் திருப்பி வெட்ட, 5. கேஸ்லிங். பொறி வைத்தவருக்கு இரட்டைச் சிப்பாயும் பின்தங்கிய காய்களுமே மிச்சம்.

எவன்ஸ் கேம்பிட் போட்டிக்கு ஏற்றதா?

3...பிஷப் சி5-க்குப் பிறகு 4. பி4 என்று சிப்பாயைக் கொடுத்து, சி3, டி4 என்று வேகமாக நடுவைப் பிடிப்பது. 1995-ல் ரிகாவில் காஸ்பரோவ் இதை ஆனந்துக்கு எதிராக ஆடி 25 நகர்வுகளில் வென்றார். எதிராளி எதிர்பார்க்காதபோது நன்றாக வேலை செய்யும். எப்போதும் இதையே ஆடுவதானால் கறுப்பின் பல்வேறு பதில்களையும் ஆழமாகப் படித்திருக்க வேண்டும்.

எதிராளி இத்தாலியனுக்கே வராவிட்டால்?

2...குதிரை எஃப்6 என்று பெட்ரோவ் ஆடுகிறவர்களைத் தவிர்க்க வேண்டுமானால் 2. பிஷப் சி4 என்று தொடங்கலாம், 2...குதிரை எஃப்6, 3. டி3, பிறகு குதிரை எஃப்3 என்று பெரும்பாலும் அதே நிலைக்கு வந்துசேரும். வழக்கமான 3. பிஷப் சி4-க்கு 3...பிஷப் இ7 என்று கறுப்பு ஒடுங்கினால் 4. டி4 என்று நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு பேராசைப்பட்டு டி4-ஐ வெட்டி, 5. சி3-க்குப் பிறகு அதையும் வெட்டினால் 6. ராணி டி5, எஃப்7-ல் மேட் மிரட்டல். 6...குதிரை எச்6 என்று தடுத்தால் 7. சி1 பிஷப் அந்தக் குதிரையை வெட்டிவிடும்.

ஓப்பனிங்குக்கு எவ்வளவு நேரம் செலவிடலாம்?

40 நகர்வுகளுக்கு 90 நிமிடம், மீதி ஆட்டத்துக்கு 30 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி கூடுதல் (இன்கிரிமென்ட்) என்ற கணக்கில், தெரிந்த பத்து நகர்வுகளைப் பத்து நிமிடத்துக்குள் முடிக்கப் பாருங்கள். இரண்டு விநாடிக்கு ஒன்றாக அடித்துத் தள்ளவும் கூடாது. எதிராளி வரிசையை மாற்றியிருப்பதைக் கவனிக்காமல் பழக்கத்தில் கை போய்விடும். எதிராளியின் நகர்வை ஸ்கோர் ஷீட்டில் (நகர்வுகளைக் குறிக்கும் தாளில்) எழுதுங்கள், பிறகு பலகையைப் பார்த்து "இது இப்போது எதைத் தாக்குகிறது, எதைக் கைவிட்டது" என்று கேளுங்கள், பிறகு ஆடுங்கள். தெரியாத நிலை வந்த முதல் நகர்வில் பத்துப் பதினைந்து நிமிடம் யோசிப்பது வீண் அல்ல. அங்கே போடும் திட்டம் அடுத்த பத்து நகர்வுகளுக்கு உதவும்.

எழுதுவதில் என்ன விதி?

நகர்வை ஆடிய பிறகே எழுத வேண்டும். டிரா கோரும்போது தவிர, முன்கூட்டியே எழுதிவைப்பது தவறு. 30 விநாடி இன்கிரிமென்ட் உள்ள ஆட்டத்தில் கடைசிவரை எழுதியே ஆக வேண்டும். இன்கிரிமென்ட் அதைவிடக் குறைவாக இருந்தால் மட்டும், ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனதும் அந்தக் கட்டத்தில் எழுதுவதை நிறுத்தலாம்.

கேஸ்லிங்கில் யானையை முதலில் தொட்டுவிட்டால்?

அந்தப் பக்கம் அந்த நகர்வில் கேஸ்லிங் கிடையாது. தொட்ட யானையைத்தான் நகர்த்த வேண்டும். இத்தாலியனில் ஆறாவது நகர்வு வாக்கில் இது நடந்தால் ராஜா நடுவில் மாட்டிக்கொள்ளும். ஒரே கையால், முதலில் ராஜாவை இரண்டு கட்டம் நகர்த்தி, பிறகு யானையை எடுத்து வையுங்கள். கடிகாரத்தையும் அதே கையால் அழுத்துங்கள். காய் கோணலாக இருந்து சரிசெய்ய வேண்டுமானால், உங்கள் முறை வரும்போது, "சரிசெய்கிறேன்" என்று சொல்லிவிட்டே தொடுங்கள்.

தவறான நகர்வு ஆடிவிட்டால் ஆட்டம் போய்விடுமா?

ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) விதிப்படி நீண்ட நேர ஆட்டத்தில், தவறான நகர்வு ஆடிக் கடிகாரத்தையும் அழுத்தினால், முதல் முறை எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். இரண்டாம் முறை ஆட்டம் போய்விடும். எதிராளியால் எந்த வழியிலும் மேட் வைக்க முடியாத நிலையாக இருந்தால் மட்டும் டிரா. சிப்பாய் எட்டாம் வரிசைக்குப் போகும்போது ராணி கையில் இல்லை என்று யானையைத் தலைகீழாக வைக்காதீர்கள். விதியின் கண்ணில் அது யானைதான். கடிகாரத்தை நிறுத்தி நடுவரிடம் ராணியைக் கேட்டு வாங்குங்கள்.

டிராவை எப்படிக் கேட்பது?

நகர்வை ஆடுங்கள், டிரா என்று சொல்லுங்கள், பிறகு கடிகாரத்தை அழுத்துங்கள். இந்த வரிசைதான். ஸ்கோர் ஷீட்டில் அந்த நகர்வுக்குப் பக்கத்தில் சமக்குறி போடுங்கள்.

ஒரே நிலை மூன்றாம் முறை வரப்போகிறது என்றால் நடைமுறை வேறு. நகர்வைப் பலகையில் ஆடாமல், ஸ்கோர் ஷீட்டில் எழுதி, நடுவரை அழைத்துச் சொல்ல வேண்டும். ஆடிவிட்டுக் கேட்டால் உரிமை போய்விடும். அந்த நிலையில் அடுத்த முறை எதிராளியுடையது. கோரிக்கை தவறு என்று தெரிந்தால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், எழுதிய நகர்வையே ஆடவும் வேண்டும். அதனால் ஸ்கோர் ஷீட்டில் மூன்று இடங்களையும் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பார்த்துவிட்டு நடுவரைக் கூப்பிடுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஓப்பனிங்கை எப்படிச் சரிபார்ப்பது?

கணினியைத் திறப்பதற்கு முன், ஸ்கோர் ஷீட்டை வைத்துக்கொண்டு, உங்கள் தயாரிப்பு எந்த நகர்வில் முடிந்தது என்று ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே முதல் மூன்று நகர்வுகளுக்கு அப்போது என்ன நினைத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அதன் பிறகு கணினி சொல்வதைப் பாருங்கள். அது காட்டும் நகர்வை அப்படியே குறித்துக்கொண்டால் அடுத்த ஆட்டத்துக்குள் மறந்துவிடும். "எஃப்2-க்குக் காவல் போனது", "இ5-க்குக் காவல் இல்லை" என்று காரணத்தோடு எழுதினால் வேறு வரிசையில் அதே நிலை வந்தாலும் கை நிற்கும்.